கே2-18பி கோளில் உயிர் இருப்பது உறுதியாகிவிட்டதா?

18 ஏப்ரல் 2025: பெங்களூரு ஒயிட்ஃபீல்டு வாசகர் ஒருவரின் கேள்வி

நேற்றிலிருந்து எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சுதான். 124 ஒளி ஆண்டுத் தொலைவில் இருக்கும் கே2-18பி என்ற கோளில், கடல் நுண்ணுயிர்கள் மட்டுமே உண்டாக்கும் வாயு கண்டறியப்பட்டிருக்கிறது என்றும், அது 99.7 விழுக்காடு உறுதி என்றும் செய்திகள் சொல்கின்றன. ஆய்வுக்குத் தலைமை தாங்கிய கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கு மதுசூதன் வாராணசியில் படித்தவர் என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமை. இவ்வளவு உறுதி இருந்தும் "அங்கே உயிர் உண்டு" என்று அறிவிக்க ஏன் தயங்குகிறார்கள்? இனியும் எதற்குக் காத்திருக்கிறார்கள்?

19 ஏப்ரல் 2025

அந்த 99.7 விழுக்காடு, உயிர் இருப்பதற்கான உறுதி அன்று. செய்தி கைமாறிக் கைமாறிச் சுருங்கியபோது நடுவில் இருந்த படிகள் விடுபட்டுவிட்டன.

கே2-18பி தன் விண்மீனை 33 நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் விண்மீனுக்கும் நமக்கும் நடுவே அது கடந்து செல்லும் சில மணி நேரத்தில், விண்மீன் ஒளியின் மிகச் சிறு பங்கு கோளின் வளிமண்டல விளிம்பை ஊடுருவி நம்மிடம் வருகிறது. எந்த அலைநீளத்தில் ஒளி சற்றுக் கூடுதலாக விழுங்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, எந்த வாயு விழுங்கியிருக்கும் என்று கணிக்கிறார்கள். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இப்போது அகச்சிவப்பு ஒளியின் அளவில் கண்ட மேடுபள்ளம் வெறும் தற்செயலாக உண்டாகியிருக்கும் வாய்ப்பு 0.3 விழுக்காடு. இதைத் திருப்பிப் போட்டுத்தான் 99.7 என்று எழுதிவிட்டார்கள். கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இத்துறையினர் கேட்கும் அளவு ஐந்து சிக்மா. அதாவது தற்செயலின் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். அதை எட்டுவதற்கு வெப் தொலைநோக்கியில் இன்னும் 16 முதல் 24 மணி நேரம் தேவைப்படலாம் என்று அக்குழுவே சொல்லியிருக்கிறது.

அந்த மேடுபள்ளம் மெய்யானது என்றே கொள்வோம். அதை உண்டாக்கியது செய்திகள் சொல்லும் அந்த வாயுவான டைமெதில் சல்ஃபைடுதானா, அதே அலைநீளத்தில் ஒளியை விழுங்கும் வேறொரு மூலக்கூறா என்ற கேள்வி அடுத்து நிற்கிறது. டைமெதில் சல்ஃபைடுதான் என்று முடிவானாலும், உயிரில்லாமல் அது உண்டாகாதா என்ற கேள்வி அதற்கும் அப்பால் இருக்கிறது. பூமியில் அதைப் பெருமளவு வெளியிடுபவை கடல் மிதவை நுண்ணுயிர்கள்தான். ஆனால் ரொசெட்டா விண்கலம் ஆராய்ந்த 67பி என்ற வால்மீனிலும் அதன் தடயம் தென்பட்டிருப்பதாக அத்தரவுகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள் 2024இல் தெரிவித்தார்கள். வால்மீனில் கடலும் இல்லை, பாசியும் இல்லை.

ஆகவே இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று நான் எண்ணவில்லை. அந்த ஆய்வுக் குழுவின் அறிவிப்பிலும் இதே எச்சரிக்கை இருக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர்வதற்குள் அது உதிர்ந்துவிட்டது.

20 ஏப்ரல் 2025

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. இதே கோளில் நீராவி இருக்கிறது என்று 2019இல் ஹப்பிள் தொலைநோக்கியின் தரவுகளைக் கொண்டு சொன்னார்கள். அப்போதும் இதே அளவு ஆரவாரம். 2023இல் வெப் பார்த்தபோது நீராவி தெளிவாகப் புலப்படவில்லை. மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் தெரிந்தன. ஹப்பிள் பார்த்த குறுகிய அலைநீளப் பகுதியில் மீத்தேனும் நீராவியும் ஒன்றையொன்று ஒத்திருப்பவை. இந்தக் கோளின் வரலாற்றிலேயே ஒரு முறை இப்படி நடந்திருப்பதை மறக்கக் கூடாது.

27 ஏப்ரல் 2025

"இந்தியாவுக்கும் இந்தத் தேடலுக்கும் என்ன தொடர்பு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தொடர்பு மிகப் பழையது, அதுவும் சென்னையிலிருந்து.

1855ஆம் ஆண்டு, நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திவந்த சென்னை வான்காணகத்தின் பொறுப்பாளராக இருந்த கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனை ஆண்டுக்கணக்கில் அளந்தார். ஒன்றையொன்று சுற்றும் அந்த இரு விண்மீன்களின் பாதை கணக்கோடு பொருந்தவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அவற்றை இழுத்துக்கொண்டிருக்கக்கூடும் என்று அவர் எழுதினார். நம் கதிரவக் குடும்பத்துக்கு வெளியே கோள் இருப்பதாக, அளவீட்டை ஆதாரமாகக் காட்டி முன்வைக்கப்பட்ட மிக முந்தைய கூற்றுகளில் அது ஒன்று. அதே விண்மீனைப் பற்றி அமெரிக்க வானியலாளர் தாமஸ் சீயும் பின்னாளில் அவ்வாறே கூறினார். அவர் சொன்னபடி ஒரு மூன்றாம் பொருள் அங்கே நிலைத்திருக்க இயலாது என்று 1899இல் மோல்டன் என்ற வானியலாளர் கணக்கிட்டுக் காட்டினார். பொருந்தாமல் நின்ற எண்களுக்குக் காரணம் அளவீட்டில் ஒளிந்திருந்த பிழை.

இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. சென்னைக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெருமை கைநழுவிப் போனதாகவே நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஜேக்கப் கையாண்ட முறையில் குற்றமில்லை; விண்மீனின் அசைவை அளந்து, காணாத கோளை ஊகிப்பதுதான் 140 ஆண்டுகள் கழித்து வெற்றி பெற்ற வழியும். 1995இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீன் 4.2 நாளுக்கு ஒரு முறை முன்னும் பின்னும் தள்ளாடுவதைக் கண்டு, வியாழன் அளவிலான கோள் ஒன்று அதை ஒட்டியே சுற்றுவதை அறிவித்தார்கள். 2019இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது. ஜேக்கப்பிடம் இல்லாதது கருவியின் நுட்பம் மட்டுமே.

அந்த வான்காணகத்தின் கருங்கல் தூண் ஒன்று, தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டுடன், நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. சென்னையில் தொடங்கிய அந்தப் பணி கொடைக்கானல் சென்று, பிறகு நம் கோரமங்கலாவின் இந்திய வானியற்பியல் நிறுவனமாக வளர்ந்தது. அந்தப் பக்கம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

4 மே 2025

ஜெயநகரில் ஆசிரியையாக இருக்கும் ஓர் அம்மையார், "பூமியைப் போன்ற கோள் என்று பாடப் புத்தகத்தில் எழுதும்போது எதை வைத்துப் போன்றது என்கிறோம்?" என்று கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பெரும்பாலும் இரண்டே எண்களை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறோம்: கோளின் குறுக்களவு, விண்மீனிடமிருந்து அது பெறும் வெப்பம். முதலாவது பூமியை ஒட்டியும், இரண்டாவது நீர் திரவமாக இருக்க இடம் தரும் அளவிலும் அமைந்துவிட்டால், "வாழத்தகு மண்டலத்தில் உள்ள பூமி போன்ற கோள்" என்ற பட்டம் கிடைத்துவிடுகிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து வெளியிலிருந்து ஒருவர் நம் கதிரவக் குடும்பத்தைப் பார்த்தால், வெள்ளியைப் பூமியின் உடன்பிறப்பு என்றே குறித்துக்கொள்வார். வெள்ளியின் குறுக்களவு பூமியினுடையதில் 95 விழுக்காடு. அதன் தரையிலோ ஈயம் உருகிவிடும் வெப்பம். வேறுபாடு முழுவதும் காற்றில் இருக்கிறது. அந்தக் காற்றைத்தான் இத்தனை தொலைவிலிருந்து நாம் இன்னும் சரியாகப் பார்க்க முடியாமல் இருக்கிறோம்.

கே2-18பி-யோ அளவிலும் பூமியை ஒத்ததன்று. குறுக்களவு பூமியைப்போல் 2.6 மடங்கு, நிறை 8 மடங்குக்கும் மேல். ஹைட்ரஜன் வளிக்கு அடியில் கடல் இருக்கலாம் என்கிறார் மதுசூதன். தரையே இல்லாத சிறிய நெப்டியூனாக இருக்கலாம், பாறைக் குழம்புக் கடலாகவும் இருக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். இம்மூன்றில் எது என்பதே முடிவாகவில்லை. அம்மையார் தம் மாணவர்களிடம் "பூமியைப் போன்ற" என்பதற்கு மாறாக "பூமி அளவுள்ள" என்று சொல்லிக்கொடுத்தால், அவர்கள் பின்னாளில் திருத்திக்கொள்ள வேண்டியிருக்காது.

5 மே 2025

அங்கே குடியேறுவது பற்றிக் கேட்டவருக்கு: நமக்கு மிக அருகில் உள்ள ப்ராக்சிமா செண்டாரியின் கோள் 4.24 ஒளி ஆண்டில் இருக்கிறது. வாயேஜர் 1 செல்லும் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கே2-18பி அதைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு தொலைவு. பார்ப்பது மட்டுமே நம்மால் இயலும். ஆகவே பார்ப்பதைப் பிழையில்லாமல் பார்க்க வேண்டும்.

8 ஜூன் 2025

2004ஆம் ஆண்டு இதே நாளில், வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததை அல்சூரில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். சூரிய வடிகட்டி பொருத்திய சிறு தொலைநோக்கியில், வட்டத் தட்டின் மேல் ஒரு கரும்புள்ளி நண்பகல் தாண்டியும் நகர்ந்துகொண்டிருந்தது. தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் புள்ளியால வெயில் குறையுமா தம்பி?" என்று கேட்டார். குறையும். வெள்ளி அன்று மறைத்தது சூரியத் தட்டில் ஏறத்தாழ 0.1 விழுக்காடு.

அது நமக்கு அருகில் இருந்ததால் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. தொலைவிலுள்ள வேறொரு விண்மீனிலிருந்து பார்ப்பவருக்குப் பூமி சூரியனைக் கடக்கும்போது குறையும் ஒளி 0.0084 விழுக்காடுதான். அதுவும் ஆண்டுக்கு ஒரு முறை, அதிகபட்சம் 13 மணி நேரம். அதுவும் பார்ப்பவர் சரியான தளத்தில் இருந்தால் மட்டுமே. சூரியன் போன்ற விண்மீனைப் பூமி போன்ற தொலைவில் சுற்றும் கோள் நமக்குக் கடப்பைக் காட்டும் வாய்ப்பு இருநூற்றில் ஒன்று.

2009இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி இந்தக் கணக்கை நம்பித்தான் ஏறத்தாழ 1,50,000 விண்மீன்களை இமை கொட்டாமல் பார்த்தது. மூன்றரை ஆண்டில் பூமி அளவுக் கோள்களை எண்ணிவிடலாம் என்று திட்டமிட்டிருந்தார்கள். மற்ற விண்மீன்களும் நம் சூரியனைப் போல அமைதியாக இருக்கும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. அவை அப்படி இருக்கவில்லை. சூரியனை ஒத்தவை என்று தேர்ந்தெடுத்த விண்மீன்களிலேயே பெரும்பாலானவற்றின் ஒளி, எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சலனப்பட்டது. அந்தச் சலனத்துக்குள் 0.0084 விழுக்காட்டைத் தேட இன்னும் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. அதற்குள் 2012இலும் 2013இலும் விண்கலத்தின் நிலைநிறுத்தும் சக்கரங்கள் அடுத்தடுத்துப் பழுதாயின. 2,600க்கும் மேற்பட்ட கோள்களைத் தந்த மாபெரும் பணி அது. ஆனாலும் சூரியன் போன்ற விண்மீன்களுக்கு எத்தனை பூமிகள் என்ற கேள்விக்கு இன்றுவரை திடமான விடை இல்லாததற்கு விண்மீன்களின் இந்தச் சலனமும் ஒரு முக்கியக் காரணம்.

ஏப்ரலில் நான் எழுதியவற்றை இப்போது திரும்பப் படிக்கும்போது, என் முழுக் கவனமும் கோளின் மேலேயே இருந்திருப்பது தெரிகிறது. வரவர இக்கேள்வி என் மனத்தில் இடம் மாறிக்கொண்டே வருகிறது. கோளைப் பற்றிய நம் அறியாமையில் பெரும் பங்கு, அதன் விண்மீனைப் பற்றிய அறியாமைதான்.

20 ஜூலை 2025

கே2-18பி பற்றிப் புதிய ஆய்வு ஒன்று வந்திருக்கிறது. வெப் தொலைநோக்கியின் கூடுதல் கடப்புகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் முன்னைவிட உறுதியாகியிருக்கின்றன. கோளின் உட்பகுதியில் நீர் மிகுந்திருக்க வேண்டும் என்ற முடிவும் வலுப்பெற்றிருக்கிறது. டைமெதில் சல்ஃபைடுக்கு மட்டும் போதிய சான்று கிடைக்கவில்லை. ஏப்ரல் செய்தியை அனுப்பிய அதே குழுக்களில் இது வந்ததா என்று ஒயிட்ஃபீல்டு நண்பரைக் கேட்டேன். வரவில்லை என்றார். நீர் மிகுந்த கோள் என்பதே எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

14 செப்டம்பர் 2025

டிராப்பிஸ்ட்-1 பற்றி எழுத நான் காத்திருந்த சமயம் வந்துவிட்டது. 40 ஒளி ஆண்டுத் தொலைவில் ஒரு செங்குறு விண்மீனை ஏழு கோள்கள் சுற்றுகின்றன. ஏழும் ஏறத்தாழப் பூமி அளவு. 2017 பிப்ரவரியில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து இந்தக் குடும்பத்தின் மேல் எனக்குத் தீராத பற்று. வெப் அவற்றை வரிசையாகப் பார்த்துவருகிறது. விண்மீனுக்கு மிக அருகில் சுற்றும் பி என்ற கோளின் பகல் பக்கம் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ். வெப்பத்தைச் சுற்றிப் பரப்பக் காற்று இருந்திருந்தால் இவ்வளவு சூடு ஒரு பக்கமாகத் தேங்காது. அடுத்த கோளான சி-யில் வெள்ளியில் இருப்பது போன்ற அடர்ந்த காற்று இல்லை. டி-யில் பூமியின் காற்றைப் போன்ற ஒன்று புலப்படவில்லை என்று சென்ற மாதம் சொன்னார்கள். இப்போது, வாழத்தகு மண்டலத்தின் நடுவில் இருக்கும் இ-யைப் பற்றிய முதல் முடிவுகள் வந்திருக்கின்றன. ஹைட்ரஜன் நிறைந்த கனத்த வளி அதற்கு இல்லை என்பது ஏறத்தாழத் தெளிவு. நைட்ரஜன் மிகுந்த, சிறிது மீத்தேன் கலந்த காற்று இருக்கலாம். காற்றே இல்லாமலும் இருக்கலாம்.

ஏன் இந்த இரண்டாட்டம்? அந்த விண்மீனின் முகமெங்கும் புள்ளிகள். செங்குறு விண்மீன்களின் புள்ளிகள் மூலக்கூறுகள் உடையாமல் தங்கும் அளவுக்குக் குளிர்ந்தவை. நீராவியே அங்கே இருக்கிறது. விண்மீனின் மாசற்ற பகுதியைக் கோள் மறைத்துச் செல்லும்போது, மறைக்கப்படாமல் நிற்கும் புள்ளிகளின் தடயம் கோளின் நிறமாலையில், அதாவது அலைநீளவாரியாகப் பிரித்த ஒளியில், ஏறிக்கொள்கிறது. சாயம் போகும் துணியோடு சேர்த்து ஊறவைத்த வேட்டியை எடுத்து, வேட்டியின் நிறம் இதுதான் என்று தீர்ப்புச் சொல்வது போன்றது அது. 26 ஒளி ஆண்டில் உள்ள ஜிஜே 486பி என்ற கோளில் 2023இல் நீராவித் தடயம் தெரிந்தபோதும், அது கோளினுடையதா விண்மீனின் புள்ளிகளுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

2010இல் கிளீஸ் 581ஜி என்ற கோளை வாழத்தகு உலகம் என்று கொண்டாடினோம். 2014இல் அக்குடும்பத்தை மீண்டும் ஆராய்ந்தவர்கள், கோளின் தடயம் என்று எண்ணிய அந்தத் துடிப்பு விண்மீனின் காந்தச் செயல்பாட்டோடு சேர்ந்து எழுந்தது என்றும், அப்படியொரு கோள் இல்லை என்றும் காட்டினார்கள். பர்னார்டு விண்மீனின் கதை வேறு வகை: 1960களில் வான் டி காம்ப் என்ற வானியலாளர் அங்கே கோள் கண்டதாகச் சொன்னார், அவர் கண்ட அசைவுகள் தொலைநோக்கியின் கண்ணாடியைக் கழற்றி மாட்டிய காலங்களோடு ஒத்துப்போனதை 1973இல் கண்டுகொண்டார்கள். அதே விண்மீனுக்கு 2024இல் 3.15 நாளில் சுற்றும் மெய்யான கோள் ஒன்று கிடைத்தது. இவ்வாண்டு அக்குடும்பம் நான்கு கோள்களாக உயர்ந்திருக்கிறது. வான் டி காம்ப் 1995இல் காலமானார். இதை அவர் அறிந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

21 செப்டம்பர் 2025

உறுதிசெய்யப்பட்ட கோள்கள் 6,000ஐத் தொட்டுவிட்டதாக இந்த வாரம் நாசா அறிவித்திருக்கிறது. அவற்றில் ஒன்றுக்கு இந்தியர்கள் பெயரிட்டிருக்கிறார்கள் என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்: எச்டி 86081 என்ற விண்மீனுக்கு, அண்டக்கதிர் ஆய்வில் சிறந்த பிபா சவுத்ரியின் நினைவாகப் பிபா என்று 2019இல் பெயர் சூட்டப்பட்டது, அதன் கோள் சந்தமசா.

19 அக்டோபர் 2025

"நம்மைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?" என்று ஓசூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

தளி போகும் வழியில் மைத்துனரின் தோட்டம் இருக்கிறது. அங்கே எட்டங்குலத் தொலைநோக்கியும் ஒரு கேமராவும் வைத்து, எச்டி 189733 என்ற விண்மீனின் கடப்பைப் பதிவுசெய்ய முயன்றேன். டம்பெல் நெபுலா என்ற வளிமேகத்துக்கு மிக அருகில் இருப்பதால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. அதன் கோள் வியாழன் அளவு, 2.2 நாளுக்கு ஒரு முறை கடக்கிறது; ஒளி ஏறத்தாழ 2.4 விழுக்காடு குறைய வேண்டும். முதலில் வந்த வரைபடத்தில் ஏற்ற இறக்கங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. மெல்லிய மேகம், விண்மீன் மேற்கே சாயச் சாயக் கூடும் காற்றின் தடிமன், எல்லாம் அதில் இருந்தன, கோள்தான் இல்லை. அதே படத்தில் இருக்கும் வேறு விண்மீன்களின் ஒளியால் வகுத்துப் பார்க்கக் கற்ற பிறகு, இன்னொரு பருவத்தில், ஏறத்தாழ இரண்டு மணி நேர அகலத்தில் ஒரு பள்ளம் தெளிவாக எழுந்தது. 64 ஒளி ஆண்டுக்கு அப்பால் ஓர் உலகம் கடந்து போனதை என் மடிக்கணினியில் பார்த்தேன். மைத்துனர் அருகில் நின்று, "இதுவா மாமா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. மறுநாள் காலை வரை எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த விண்மீனும் சும்மா இருப்பதன்று. ஏறத்தாழ 12 நாளுக்கு ஒரு முறை தற்சுழன்று, புள்ளிகள் வந்து போகும்போது அதன் ஒளி ஓரிரு விழுக்காடு மாறுகிறது. கோள் உண்டாக்கும் பள்ளத்துக்கு ஏறத்தாழச் சமமான மாற்றம் அது. இதைத்தான் மாணவருக்குச் சொல்ல விரும்புகிறேன். வெப் தொலைநோக்கியின் நேரம் பொன்னைப் போல அரியது. ஒரு விண்மீனை மாதக்கணக்கில் அது பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விண்மீன்கள் எப்படித் துடிக்கின்றன, புள்ளிகள் எப்போது வருகின்றன என்று ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பதிவுசெய்வதற்கு நடுத்தரத் தொலைநோக்கிகளும் சிறியவையும் போதும். இந்தியாவிடம் அவை இருக்கின்றன. அபு மலையில், விண்மீன் ஒளியைப் பிரித்து அளக்கும் பாரஸ் என்ற நிறமாலைமானியைக் கொண்டு அகமதாபாத் ஆய்வாளர்கள் 2018இல், பூமியைப்போல் 27 மடங்கு நிறையுள்ள கோள் ஒன்றைத் தாங்களே உறுதிசெய்தார்கள். லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள தொலைநோக்கியை நம் ஹொசகோட்டேயில் உட்கார்ந்து இயக்குகிறார்கள். ஜவ்வாது மலையில் காவலூர் வான்காணகம் இருக்கிறது. 1972இல் வியாழனின் துணைக்கோள் கானிமீட் ஒரு விண்மீனை மறைத்ததை அங்கிருந்து பார்த்துத்தான் அதற்கு மெல்லிய வளி உண்டு என்று சொன்னார்கள். மறைப்பை வைத்துக் காற்றை அறியும் கலை நமக்குப் புதிதன்று. வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஒரு முறை போய்வாருங்கள், தம்பி.

9 நவம்பர் 2025

ஆக்சிஜன் தெரிந்தால் உயிர் என்று முடிவுசெய்யலாமே என்று கேட்டவருக்கு இரண்டு செய்திகள். பூமியில் உயிர் தோன்றிய பின்னும் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் காற்றில் ஆக்சிஜன் தேங்கவில்லை. 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் அது பெருகத் தொடங்கியது. அந்த நெடுங்காலத்தில் ஒருவர் நம்மைப் பார்த்திருந்தால் உயிரில்லை என்று எழுதியிருப்பார். மறுபுறம், விண்மீனின் புற ஊதாக் கதிர் நீராவியை உடைத்து ஹைட்ரஜனை விரட்டிவிட்டால், உயிரே இல்லாமல் ஆக்சிஜன் மிஞ்சும். 1990இல் கலிலியோ விண்கலம் பூமியைக் கடந்தபோது, கார்ல் சேகன் குழுவினர் உயிரின் அடையாளமாகக் கொண்டது ஆக்சிஜனும் மீத்தேனும் சேர்ந்திருந்ததை. ஒன்றையொன்று அழித்துவிடும் அவ்விரண்டும் ஒருங்கே நிலைக்க வேண்டுமென்றால், ஏதோ ஒன்று அவற்றை ஓயாமல் ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

டிராப்பிஸ்ட்-1இ-யில் அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் கேட்டிருந்தீர்கள். பி கோளும் இ கோளும் அடுத்தடுத்துக் கடக்கும் வேளைகளைத் தேர்ந்து இரண்டையும் சேர்த்தே பதிவுசெய்கிறார்கள். பி-க்குக் காற்றில்லை என்று கொண்டால், அதன் நிறமாலையில் தெரியும் மேடுபள்ளமெல்லாம் விண்மீனுடையதே. அதை இ-யின் நிறமாலையிலிருந்து கழித்தால் எஞ்சுவது இ-யினுடையது. காற்றில்லாத கோள் என்று 2023இல் நாமெல்லாம் வருந்திய பி-யே இன்று அளவுகோலாகப் பயன்படுகிறது. எஞ்சியதில் மீத்தேன் நிற்கிறதா, இல்லையா என்பது முடிவானதும் இதே இழையில் எழுதுகிறேன்.